சின்னம்மா குளிசை போடவில்லையாம்

சின்னம்மாவின் கிளினிக் கொப்பியில், சென்ற வருடத்துப் பக்கமொன்றில், சிவப்பு மையால் இரண்டு ஆங்கிலச் சொற்கள் எழுதப்பட்டிருக்கின்றன. 'புவர் கொம்ப்ளையன்ஸ்.' கொடுத்த மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை என்று பொருள். சின்னம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. சிவப்பு மையைத் தெரியும். "என்ன பிள்ளை எழுதியிருக்கிறார்கள்?" என்று என்னிடம் கொப்பியை நீட்டினார். "ஒன்றுமில்லை சின்னம்மா, குளிசையைக் கூட்டியிருக்கிறார்கள்" என்று சொல்லி மூடிக் கொடுத்துவிட்டேன். அன்று சொன்ன அந்தப் பொய் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. ஏனென்றால் அந்த இரண்டு சொற்களுக்கும் ஆதாரமாக அதே பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்த ஆய்வுகூட அறிக்கையின் அடியில் இருந்த கையொப்பம் என்னுடையது.

திருகோணமலை நகரத்தில் ஆய்வுகூட வேலைக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. கவுண்டருக்கு வருகிறவர்கள் 'லாப் மிஸ்' என்று கூப்பிடுவார்கள். சுகர், கொலஸ்ட்ரோல், சிறுநீர், டெங்குக் காலத்தில் விடிய விடிய பிளேட்லெட் எண்ணிக்கை. கடந்த சில வருடங்களாக இவற்றோடு சரிக்குச் சரியாக வருவது கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பிக்கான பரிசோதனை, அதிலும் ரி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை. களைப்பு என்றால் ரி.எஸ்.எச்., முடி கொட்டினால் ரி.எஸ்.எச்., உடம்பு வைத்தால் ரி.எஸ்.எச். செய்வது பிழையென்று சொல்லவில்லை. செய்யாமல் விட்டு வருடக்கணக்கில் துன்பப்பட்டவர்களையும் இதே கவுண்டரில் பார்த்திருக்கிறேன். என் மனத்தை அறுப்பது வேறொன்று. அதைச் சொல்லத்தான் சின்னம்மாவின் கதையை எழுதுகிறேன். எழுதச் சம்மதம் கேட்டேன். "பெயரைப் போடாதே, மற்றதெல்லாம் எழுது" என்றார்.

சித்திரை வெயிலில் போர்வை

அம்மாவின் தங்கை அவர். தம்பலகாமத்தில் வயலோரத்து வீடு. வயது 68, எடை 48 கிலோ. எடையைக் காரணத்தோடுதான் சொல்கிறேன், பிறகு அது தேவைப்படும். சித்திரை மாதத்தில் அறுத்த வயலிலிருந்து அனல் அடிக்கும்போது அவர் போர்வை கேட்கத் தொடங்கினார். குரல் தடித்துவிட்டது. ஒருமுறை தொலைபேசியில் சித்தப்பா பேசுகிறார் என்றே நினைத்துவிட்டேன். கண்ணிமைகள் காலையில் ஊதியிருக்கும். ஒரு பேச்சைத் தொடங்குவார், நடுவில் விட்டுவிட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் எல்லோரும் "வயது போய்விட்டது" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நகரத்தில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் வயதான டொக்டர் ஒருவர்தான் அவரைக் கதிரையில் முழங்காலிட வைத்து, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணைச் சிறிய சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பாதம் துள்ளியது. ஆனால் பழைய இடத்துக்குத் திரும்ப நேரம் எடுத்தது. நித்திரையிலிருந்து எழும்புகிறவரைப் போல மெல்லத் திரும்பியது. டொக்டர் இன்னொரு தடவை தட்டி என்னையும் பார்க்கச் சொன்னார். பிறகு துண்டில் எழுதினார்: தைரொயிட் குறைவு என்று சந்தேகம், குரல் மாற்றம், குளிர் தாங்காமை, தசைத் துடிப்பு மந்தம், ரி.எஸ்.எச்., எப்.ரி.4 செய்யவும்.

ரி.எஸ்.எச். 68 வந்தது. எங்கள் கருவியில் சுகமானவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்கும். எப்.ரி.4, அதாவது சுரப்பி விடும் தைரொக்சின் என்ற ஹோர்மோனில் இரத்தத்தில் கட்டுப்படாமல் ஓடும் பங்கு, கீழ் எல்லையைவிடக் குறைவு. கழுத்துச் சுரப்பி வேலையைக் குறைத்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி அதைக் கூப்பிடத் தொடங்கும். அந்தக் கூப்பிடு குரல்தான் ரி.எஸ்.எச். இரத்தத்தில் தைரொக்சின் பாதியாகக் குறைந்தால் ரி.எஸ்.எச். நூறு மடங்கு வரை ஏறிவிடும். அதனால்தான் ஒன்றே ஒன்று செய்யக் காசிருந்தால் ரி.எஸ்.எச். செய்யச் சொல்கிறார்கள், சிறிய குறைவையும் பெரிய எண்ணாக்கிக் காட்டும்.

அயடீன் குறைவாக இருக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. 1995 முதல் இலங்கையில் உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். உப்புவெளி என்று பெயர் வைத்த ஊர் இருக்கும் மாவட்டத்தில், கடைப் பக்கற் உப்பில் சமைக்கும் சின்னம்மாவுக்கு அது காரணமாகத் தோன்றவில்லை. அவருடைய உடம்பின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கிக்கொண்டிருந்தது. அதற்கான பரிசோதனையும் அப்படியே வந்தது.

1891 இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோர்ஜ் மரே என்ற வைத்தியர், இதே நோயால் முகம் ஊதிப்போயிருந்த 46 வயதுப் பெண்ணுக்குச் செம்மறியாட்டின் தைரொயிட் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் ஏற்றினார். அந்தப் பெண் பிழைத்து, 74 வயது வரை இருந்தார். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது ஆட்டுச் சாறு இல்லை. மரேயிடம் ரி.எஸ்.எச். கருவி கிடையாது. மருந்து உடம்பில் சேர்கிறதா என்று அறிய அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவேண்டும், பேச்சைக் கேட்கவேண்டும், நடக்கச் சொல்லவேண்டும். இரத்தத்தில் இருக்கும் மிக நுண்ணிய அளவு ஹோர்மோனை எண்ணாக்கும் வழியை ரோசலின் யலோவும் சொலமன் பெர்சனும் 1950களின் இறுதியில் கண்டார்கள்; யலோவுக்கு 1977 இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்குச் சோறு போடுவது அந்த வழியில் பிறந்த கருவிகள்தான். அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் டிஸ்பென்சரி டொக்டர் தட்டிய அந்தச் சுத்தியலும், அவர் துண்டில் எழுதிய நாலு வரியும் இல்லாமல் என்னுடைய 68 பிறந்திருக்காது.

நான்கு அறிக்கைகள்

அதன் பிறகு சின்னம்மா அரச கிளினிக் ஒன்றுக்குப் போகத் தொடங்கினார். அந்தத் தைரொக்சினையே குளிசையாக, 50 மைக்ரோகிராம், காலையில் ஒன்று. எட்டு வாரம் கழித்து ரி.எஸ்.எச். செய்துகொண்டு வரச் சொன்னார்கள். எங்களிடம் வந்தார். 24. குறைகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். 75 ஆக்கினார்கள். அடுத்தது 19. 100 ஆக்கினார்கள். அடுத்தது 21.

இந்த 21 தான் சிவப்பு மையைக் கொண்டுவந்தது. கிளினிக் நாளில் வாங்கு நிறைய ஆட்கள் இருக்கும்போது, "அம்மா, குளிசையை வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் என்ன செய்கிறீர்கள்? போட்டால் இது இறங்கியிருக்குமே" என்று தாதி கேட்டிருக்கிறார். சின்னம்மா "போடுகிறேன் மிஸ்" என்றிருக்கிறார். "பொய் சொல்லாதீர்கள், இரத்தம் காட்டிக் கொடுத்துவிடும்" என்று பதில். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வைத்தியருக்குத் தமிழ் கொஞ்சம்தான். தாதி சொன்னதைக் கேட்டு எழுதினார். 125 என்றும் எழுதினார். ஐம்பது மைக்ரோகிராம் குளிசையில் இரண்டரை. சின்னம்மா பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை என்று மச்சாள் பிறகு சொன்னாள்.

அந்தத் தாதியை வில்லியாக்க நான் இதை எழுதவில்லை. ஒரு காலைப் பொழுதில் அந்தக் கிளினிக்கில் எத்தனை கொப்பிகள் அடுக்கியிருக்கும் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குளிசை போடாதவர்களும் உண்மையில் இருக்கிறார்கள். வாரக்கணக்கில் விட்டுவிட்டு, கிளினிக் நாள் நெருங்கியதும் இரண்டு மூன்று நாள் போட்டுக்கொண்டு வருகிறவர்களை எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு எப்.ரி.4 சரியாகவோ கூடுதலாகவோ இருக்கும், ரி.எஸ்.எச். மட்டும் உயர்ந்தே நிற்கும். தைரொக்சின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் எடுக்கும். பிட்யூட்டரி தன் குரலைத் தணிக்க ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். மூன்று நாள் குளிசை அதற்குக் கேட்காது. கிளினிக்கில் சந்தேகம் வந்தபோது எப்.ரி.4 கேட்டிருக்கலாம். செலவைக் குறைக்க ரி.எஸ்.எச். மட்டும் கேட்டிருந்தார்கள். சின்னம்மா வந்து அழுத பிறகு, குளிர்பெட்டியில் எஞ்சியிருந்த அவருடைய சீரத்தை, இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, எடுத்து என் காசில் எப்.ரி.4 போட்டேன். குறைவாக வந்தது. கடைசி நாட்களில் விழுங்கி ஏமாற்றவில்லை என்பது மட்டும் அதில் தெரிந்தது. குளிசை வாய்க்குள்ளேயே போகவில்லையா, போயும் குடலைத் தாண்டவில்லையா என்று கருவி சொல்லாது. இரண்டுக்கும் அதே எண்தான் வரும்.

எடை இங்கேதான் தேவைப்படுகிறது. சுரப்பி அடியோடு வேலை செய்யாதவருக்குக்கூட ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் தைரொக்சின் போதும். 48 கிலோவுக்கு 77. நூறு கொடுத்தும் 21 வருகிறது என்றால், இன்னும் கூட்டுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு யோசித்திருக்கவேண்டும். வைத்தியரிடம் எடையும் அளவும் இருந்தன. என்னிடம் எடை, அளவு, அறிக்கை, அவரோடு பழகிய நாற்பது வருடம் எல்லாமே இருந்தன. நானும் யோசிக்கவில்லை. ஒரு கணம், வெட்கத்தோடு எழுதுகிறேன், எனக்கும் அவர்மேல் சந்தேகம் வந்தது.

துண்டில் வெறுமையாக இருக்கும் கோடு

எங்களுக்கு வரும் பரிசோதனைத் துண்டின் நடுவில் ஒரு கோடு இருக்கும். நோய் விபரம், தற்போதைய மருந்துகள் என்று அச்சடித்திருக்கும். நூற்றுக்கு ஒன்றிரண்டு துண்டில்தான் அதில் எழுத்தைக் காண்பேன். சின்னம்மாவின் கிளினிக் துண்டுகள் மூன்றிலும் அது வெறுமை. நாங்கள் குழாயை வாங்குவோம், இரத்தம் உறைய அரை மணி நேரம் நிற்க விடுவோம், சுழற்றுவோம், மேலே தெளிந்து நிற்கும் வைக்கோல் நிறச் சீரத்தைக் கருவிக்குக் கொடுப்போம். பெயர், வயது, இலக்கம் மூன்றும் பொருந்துகின்றனவா என்று இரண்டு தடவை பார்ப்போம். அந்தக் கோடு வெறுமையாக இருப்பதை ஒரு தடவைகூட நாங்கள் குறையாக எடுத்ததில்லை. பெயர் இல்லாத குழாயைத் திருப்பி அனுப்புகிறோம். கதை இல்லாத குழாயை ஏற்றுக்கொள்கிறோம்.

கோடு வெறுமையாக இருப்பதால் என்னென்ன நடக்கும் என்று நான் கண்ட சிலதைச் சொல்கிறேன். உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், இருபது வயதுகளில். ரி.எஸ்.எச். அடிமட்டத்தில், எப்.ரி.4 உச்சத்தில். கடதாசியைப் பார்த்தால் சுரப்பி வெறிபிடித்து ஓடுகிறது. ஆளைப் பார்த்தால் அமைதியாக உட்கார்ந்து குமுதினிப் பூப்போட்ட பையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள், நாடி 72. முடி கொட்டுகிறதென்று முகப்புத்தகத்தில் பார்த்து வாங்கிய விற்றமின் குளிசை போட்டுக்கொண்டிருந்தாள், அதில் பயோட்டின் கூடுதல் அளவில் இருந்தது. சில கருவிகளின் பரிசோதனை முறையே பயோட்டினைப் பிடிப்பாக வைத்து இயங்குவது. இரத்தத்தில் அது நிறைய இருந்தால் ரி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், எப்.ரி.4 பொய்யாகக் கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 இல் இதைப் பற்றி எச்சரித்தது. சில நாள் அந்தக் குளிசையை நிறுத்திவிட்டு வரச் சொன்னோம். எல்லாம் சரியாக வந்தது. கேட்காமல் விட்டிருந்தால் சுரப்பியை அடக்கும் மருந்து அவளுக்குத் தொடங்கியிருக்கும்.

டெங்கு வந்து தேறிய ஒருவருக்கு, வைத்தியசாலையிலிருந்து வந்த இரண்டாம் வாரமே முழு உடல் பரிசோதனையில் ரி.எஸ்.எச். 8. உடம்பு பெரிய நோயிலிருந்து எழும்பும்போது அது இப்படி ஏறி இறங்குவதுண்டு. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 3. நல்ல வேளையாக ஆயுள் முழுவதற்கும் குளிசை தொடங்கவில்லை. எப்.ரி.4 சரியாக இருந்து ரி.எஸ்.எச். மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும் முதியவர்களுக்கும் அவசரம் வேண்டியதில்லை. 65 வயதைத் தாண்டிய 737 பேரில் செய்து 2017 இல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்றில், அப்படிப்பட்டவர்களுக்குத் தைரொக்சின் கொடுத்ததால் களைப்போ மற்ற அறிகுறிகளோ குறையவில்லை. கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் தேநீர்கூடக் குடிக்காமல் வந்து தலைசுற்றி விழுந்த தாய் ஒருவரையும் மறக்கமாட்டேன். ரி.எஸ்.எச். பார்க்கப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. தைரொக்சின் போடுகிறவர்கள் மட்டும் அன்றைய குளிசைக்கு முன்னால் இரத்தம் கொடுத்தால் நல்லது, போட்டுச் சில மணி நேரத்துக்கு எப்.ரி.4 ஏறி நிற்கும் என்பதால்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மூதூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு நான்கு வருடமாக இரும்புக் குளிசை, மனச்சோர்வுக்கு வேறு குளிசை. மாதவிடாய் அளவுக்கு மீறிப் போனது, மலச்சிக்கல், முகம் வீக்கம். ஒருவரும் ரி.எஸ்.எச். கேட்கவில்லை. கடைசியில் பார்த்தபோது நூறைத் தாண்டியிருந்தது. தேவையில்லாதவருக்குப் பொதியில் சேர்த்துச் செய்துகொடுக்கிறோம், தேவையானவருக்கு நான்கு வருடம் செய்யவில்லை. இரண்டு இடத்திலும் விடுபட்டது ஆளைப் பார்த்துக் கேட்கும் கேள்விதான் என்று நான் நினைக்கிறேன்.

தம்பலகாமத்தில் ஒரு விடியற்காலை

ஆதிகோணநாயகர் கோயில் திருவிழாவுக்குப் போய் அன்றிரவு சின்னம்மா வீட்டிலேயே தங்கினேன். 125 தொடங்கி மூன்று வாரம் இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குக் குசினியில் வெளிச்சம் தெரிந்தது. எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்தேன். சின்னம்மா அடுப்பில் கேத்திலை வைத்துவிட்டு, மேல் தட்டிலிருந்த பிஸ்கட் பேணியைக் கீழே எடுத்தார். அதற்குள் மருந்துக் கடதாசி உறைகள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்து, மேலே கீறியிருந்த சூரியன் படத்தைப் பார்த்தார். காலைக் குளிசைகளுக்குச் சூரியன். தைரொக்சின் இரண்டு முழுசு. அரை ஒன்றை முதல் நாளே கத்தியால் வெட்டி ஒரு சிறிய கடதாசியில் மடித்து வைத்திருந்தார், வெட்டும்போது சிந்திய தூளோடு. அதையும் உள்ளங்கையில் கொட்டினார். பிறகு பெரிய வெள்ளைக் குளிசை ஒன்று. பிறகு கபில நிறத்தில் ஒன்று. தேநீருக்குப் பால்மாவைக் கரைத்தார். ஐந்தையும் ஒன்றாக வாயில் போட்டு, பால் தேநீரை இரண்டு மிடறு குடித்து, தலையை மேலே தூக்கி விழுங்கினார். கடதாசியில் ஒட்டியிருந்த தூளை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். வீணாகப் போகக் கூடாதல்லவா.

"அந்த வெள்ளை என்ன சின்னம்மா?"

"கல்சியம். கை முறிந்தபோது தந்தது. மற்றது இரத்தம் ஊற. எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிடுவேன், மறந்துபோகும் என்று."

நான் பேசவில்லை. கல்சியமும் இரும்பும் தைரொக்சினைக் குடலிலேயே கட்டிப்பிடித்துவிடும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பாலும் கோப்பியும் சோயாவும் அதன் சேர்க்கையைக் குறைக்கும். இதெல்லாம் எனக்குப் படித்த காலத்திலிருந்து தெரியும். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் சின்னம்மாவின் மணிக்கட்டு முறிந்தபோது அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனதே நான்தான். கல்சியம் தந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அந்தக் குசினி வாசற்படி தேவைப்பட்டது. தூளையும் விடாமல் நக்கிச் சாப்பிட்ட ஒரு மனிதரைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து குளிசை போடாதவர் என்று எழுதி வைத்திருந்தோம்.

அன்றே மாற்றினேன். தைரொக்சின் மட்டும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு செம்புத் தண்ணீரோடு. தேநீர் ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு மத்தியானம், கல்சியம் இரவுச் சாப்பாட்டோடு. உறைகளில் சூரியனை வெட்டிவிட்டு நானே நிலாவும் சோற்றுக் கோப்பையும் கீறிக் கொடுத்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட நிறைவோடு நகரத்துக்குப் பஸ் ஏறினேன்.

அதில் ஒரு பெரிய பிழை இருந்தது. வழியைத் திறந்துவிட்டேன், அளவைக் குறைக்கவில்லை. அது வைத்தியரின் வேலை. நான் அவரிடம் சொல்லவும் இல்லை. அடைபட்டுக் கிடந்த குடலுக்கு எழுதிய 125 இப்போது முழுவதுமாக 48 கிலோ உடம்புக்குள் இறங்கத் தொடங்கியது. ஆறாம் வாரம் மச்சாள் தொலைபேசி எடுத்தாள். "அம்மா இரவில் நித்திரை கொள்வதில்லை. நெஞ்சு படபடக்கிறதாம். கோலம் போடும்போது கை நடுங்குகிறது." கூட்டி வரச் சொன்னேன். என் கையாலேயே இரத்தம் எடுத்தேன். ரி.எஸ்.எச். 0.03. எப்.ரி.4 மேல் எல்லைக்கு வெளியே. இந்த வயதில் இப்படியே விட்டால் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடலாம், எலும்பு தேயலாம். ஏற்கெனவே கை முறிந்தவர். அந்த எண் திரையில் வந்தபோது நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. முதல் தவறு எல்லோருடையது. இது என்னுடையது மட்டும்.

காலையில் முதலில் என்ன செய்வீர்கள்?

அன்று மாலையே அவரை அருகிலிருந்த வேறொரு வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த இளம் பெண் வைத்தியர் ஒருவர் வெளிநோயாளர் பிரிவில் இருந்தார். இதயத் துடிப்பைப் பதிந்து பார்த்தார். வேகமாக இருந்தது, ஒழுங்காக இருந்தது. நான் கொப்பியைத் திறந்து விளக்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். சின்னம்மாவின் பக்கம் திரும்பி, யோசித்துச் சேர்த்த தமிழில் மெல்லக் கேட்டார்: "அம்மா, காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?"

சின்னம்மா சொல்லத் தொடங்கினார். முகம் கழுவுவது, சாமிக்குப் பூ வைப்பது, பேணி, உறை, செம்புத் தண்ணீர், முந்தி எப்படி, இப்போது எப்படி. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வைத்தியருக்கு எல்லாச் சொல்லும் புரிந்ததா தெரியவில்லை, வேண்டியவை எல்லாம் புரிந்தன. குளிசை போட்டீர்களா என்று கேட்டால் ஓம் அல்லது இல்லை என்ற இரண்டு பதில்தான் வரும், இரண்டையும் நம்பாமல் விடவும் முடியும். இவர் கேட்டதற்கு ஒரு விடியற்காலையே பதிலாக வந்தது. நான் 19 வருடத்தில் கேட்காத கேள்வி. குளிசையை இரண்டு நாள் நிறுத்தி, பிறகு ஒன்றரை, அதாவது 75 என்று எழுதினார். எட்டு வாரத்துக்கு முன்னால் திரும்பப் பரிசோதிக்க வேண்டாம் என்றும் எழுதினார். நடுவில் நான் இரண்டு தடவை இரத்தம் எடுத்துப் பார்க்கத் தவித்தேன். பிட்யூட்டரியின் குரல் அடங்கி நெடுநாள் கிடந்தால் திரும்ப வர அதற்குக் காலம் வேண்டும். நாலாம் வாரத்தில் பார்க்கும் எண் எங்களைத் திரும்பவும் தப்பான பக்கம் இழுத்துவிடும். காத்திருந்தேன்.

அந்த இடைவெளியில் எங்கள் கவுண்டரில் ஒரு பழக்கத்தைத் தொடங்கினோம். தைரொயிட் பரிசோதனைக்கு வருகிறவரிடம் துண்டை வாங்கும்போதே கேட்கிறோம்: தைரொக்சின் போடுகிறீர்களா, எவ்வளவு, அளவு மாற்றி எத்தனை வாரம், காலையில் அதோடு வேறென்ன போடுவீர்கள், காஸ்ரிக் குளிசை, கல்சியம், முடிக்கு விற்றமின் ஏதும் உண்டா, அண்மையில் காய்ச்சல் வந்ததா, பெண்கள் என்றால் கர்ப்பமா. கர்ப்ப காலத்தில் எல்லைகளே வேறு, தேவைப்படும் அளவும் கூடும்; அதைக் கேட்காமல் விடுவது பெரும் பாவம். பதிலை அந்த வெறுங்கோட்டில் எழுதி, அறிக்கையிலும் அச்சடித்து அனுப்புகிறோம். ஆளுக்கு ஒன்றரை நிமிடம் போகிறது. காலை ஏழு மணிக்கு வரிசை நீளும்போது என்னுடன் வேலை செய்யும் பிள்ளைகள் முணுமுணுப்பதுண்டு. அவர்களுக்கு நான் சின்னம்மாவின் பழைய கொப்பிப் பக்கத்தைக் காட்டியிருக்கிறேன். சில வைத்தியர்கள் இது உங்கள் வேலையில்லை என்றார்கள். ஒருவர் மட்டும் தன் துண்டுகளில் தானே எழுதத் தொடங்கியிருக்கிறார்.

எட்டாம் வாரம் சின்னம்மா வந்தார். போர்வையும் இல்லை, நடுக்கமும் இல்லை. நகரத்துக்கு வந்தால் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகாமல் திரும்பமாட்டார். திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ரி.எஸ்.எச். 2.3. அறிக்கையை அவர் கையில் கொடுத்து, எல்லாம் சரியாகிவிட்டது என்றேன். அப்போது சிவப்பு மையில் எழுதியிருந்தது என்னவென்றும் சொன்னேன். மாதக்கணக்கில் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை. கடதாசியை நாலாக மடித்தார். "அந்தக் கிளினிக் மிஸ் இப்போதும் அங்கேதான் இருக்கிறாவா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "அப்படியென்றால் ஒரு நாள் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போ பிள்ளை. நான் குளிசை போட்டேன் என்று நீ அவவுக்குச் சொல்லவேண்டும்" என்றார்.

வருகிற செவ்வாய்க்கிழமை கிளினிக் நாள். லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.